கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா, கண்ணு?

வா கண்ணு, வா. செருப்பைக் கழட்டாத, வாசல்ல முள்ளுக் கெடக்குது. அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. லேப்டாப்பைத் திண்ணை மேல வெச்சுராத, இந்தக் கிடாரி எதைக் கண்டாலும் நக்கும்.

ஹெச்சார் மேனேசர் ஆயிட்டியாமே. உன்ற அம்மா போன்ல சொன்னா. ஆளுகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கோணும், பேரு எல்.எம்.எஸ்., ஆறு பேர் வந்து படம் காமிச்சுட்டுப் போயிட்டாங்க, எதை வாங்கறதுன்னு தெரியாம பையனுக்கு ராத்தூக்கம் இல்லேன்னா. அதுக்கு என்ற கிட்ட ரோசனை கேக்க வந்திருக்கற. நல்ல ஆளைப் புடிச்ச போ. நான் படிச்சது அஞ்சாவது. அதுலயும் நாலாவது ரெண்டு வருசம்.

ஆனா மாடு வாங்கியிருக்கறேன். கண்ணபுரம் சந்தையில நாப்பது வருசம் வாங்கியிருக்கறேன், வித்திருக்கறேன், ஏமாந்திருக்கறேன். ஏமாத்தினதை இப்ப சொல்ல வேண்டாம், நீ பெரிய மனுசன் ஆயிட்ட. படத்தைக் காமி, பாக்கலாம்.

அட, கலர் கலரா நல்லாத்தான் இருக்குது. யாரு கண்ணு இந்தப் பொண்ணு, கண்ணாடிக் கட்டடத்துல காப்பி டம்ளரோட சிரிச்சுட்டு நிக்குது? பாடம் படிக்கறவளா? உங்க கம்பெனியில ஓவர்லாக் மிசின்ல உக்காந்து காப்பி குடிச்சா சூப்பர்வைசர் சும்மா உடுவானா? துணியில ஒரு சொட்டு விழுந்தா பீஸ் ரிஜெக்ட்டு. படம் எடுத்தவன் பனியன் போட்டிருப்பான், பனியன் தைக்கறதைப் பாத்திருக்க மாட்டான்.

"ஆயிரம் பாடம் ரெடியா இருக்குதுங்க அப்புச்சி"ங்கற. ஒண்ணைத் தட்டு. ஈமெயில் மோசடியில சிக்காம இருக்கறது எப்படி. சரி. அடுத்தது? மீட்டிங் நடத்தறது எப்படி. பேஷ். உன்ற மாமன் ஷெட்டுல இருவது பவர் டேபிள் ஓடுது, கரண்டு போனாத்தான் மீட்டிங்கு. ஊசி ஒடஞ்சா என்ன பண்றதுன்னு பாடம் இருக்குதா, தேடு. சித்தெ பொறுமையாவே தேடு.

இல்லியா?

ஊசி ஒடஞ்சா மொதல்ல மிசினை நிறுத்தோணும். ஒடஞ்ச துண்டையெல்லாம் பொறுக்கி, ஒண்ணோட ஒண்ணு சேத்து வெச்சு, முழு ஊசி தேறுதான்னு பாக்கோணும். தேறுச்சுன்னா ரெஜிஸ்டர்ல டேப்புப் போட்டு ஒட்டி, தேதி, மிசின் நம்பர், கையெழுத்து. பழசைக் குடுத்தாத்தான் புது ஊசி. ஒரு துண்டு கொறஞ்சாலும் அந்தக் கட்டு பூராவும் தனியா எடுத்து வெச்சு மெட்டல் டிடெக்டர்ல ஓட்டோணும். அரிசி மொனையாட்டம் இருக்கற அந்தத் துண்டு சீமையில ஒரு கொழந்தை கழுத்துல குத்துச்சுன்னா பையர் ஆர்டரோட போயிருவான். இதைச் சொல்லிக் குடுக்க ரெண்டு நிமிச வீடியோ போதும். நடிக்கறதுக்கு அந்தக் காப்பிக்காரி வேண்டாம், உங்க லைன்ல பத்து வருசமா உக்காந்திருக்கற அக்கா போதும். தமிழ்ல ஒருக்கா, இந்தியில ஒருக்கா, ஒடியாவுல ஒருக்கா பேசி எடுங்க. எழுதிப் போடாதீங்க, பேசுங்க. பாதிப் பேருக்குப் படிக்க வராது, வந்தாலும் மிசின் முன்னால படிக்க நேரம் வராது.

அந்த ஆயிரம் பாடத்துல இது ஒண்ணு இல்லேன்னாலும், ஆயிரத்துக்கும் சேத்துத்தான் காசு வாங்குவான். நீயும் குடு. ஈமெயில் மோசடியில இருந்து எங்க டெய்லர்களைக் காப்பாத்தின புண்ணியம் உனக்கு.

சாயப்பட்டறைக்கு வேற பாடம் வேணும், அதையும் கேட்டியா? 2011 சனவரியில ஐகோர்ட்டு உத்தரவுல பட்டறைகளைப் பூட்டினப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்த. ஒரத்துப்பாளையம் அணையில தண்ணிக்குப் பதிலா சாயம் நின்னது எங்களுக்குத் தெரியும், பாசனத்துக்குக் கட்டின அணை அது. இப்ப ஒரு சொட்டு வெளிய உடக் கூடாதுன்னு சுத்திகரிப்பு நெலையம் இருக்குது. அந்தக் கழிவுத் தொட்டியைக் கழுவ உள்ள எறங்கறவன் யாரு? உங்க பெர்மனென்ட் ஆளா? காண்ட்ராக்டர் கூட்டியாந்த ஆளு. விசவாயு மூக்குக்குத் தெரியறதுக்குள்ள ஆளைச் சாச்சுரும், தூக்கறதுக்குக் குதிச்சவனையும் சேத்துச் சாச்சுரும். எறங்காத, காத்தைச் சோதிக்காம எறங்காத, ஒருத்தன் உழுந்தா பின்னால குதிக்காத. இந்த மூணும் தெரிய வேண்டியது அவனுக்கு. உன்ற லிஸ்ட்டுல அவன் பேரு இருக்குதா? ஆபீஸ்ல ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கறவன் பேரு இருக்குது, தீயணைப்புப் பயிற்சி முடிச்சுட்டான்னு பச்சை டிக்கோட.

மொகம் சுருங்காத. மோர் குடி.

அப்பறம் என்னமோ ஒரு பேரு சொன்னியே. எக்ஸ்டெண்டட் ஒர்க்ஃபோர்ஸ். வெளியாளுகளுக்குப் பேரு அதா? பேரு நல்லா நீட்டமா இருக்குது, கூலிதான் குட்டையா இருக்குது. நூல் ஓட்டறது ஒருத்தன், சாயம் ஒருத்தன், காம்பாக்டிங் ஒருத்தன், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் எல்லாம் ஒவ்வொருத்தன், தையலுக்கு எங்களாட்டம் ஜாப் ஒர்க் ஷெட்டு. துணி பத்துக் கை மாறி வந்தாலும் லேபிள்ல ஒரே பேரு. கறை பட்டா மட்டும் எந்தக் கைன்னு தேடுவீங்க.

நம்ம பி.ஏ.பி. பாசன வாய்க்காலை நெனச்சுப் பாரு. தலைமடைக்காரன் காட்டுல வாழை நிக்கும். கடைசியில வெள்ளகோயில் பக்கம் கடைமடைக்காரன் வாய்க்கால்ல எறங்கி எட்டி எட்டிப் பாத்துட்டு நிப்பான். அதிகாரி ரெஜிஸ்டர்ல ரெண்டு பேருக்கும் தண்ணி உட்டாச்சு. உன்ற சாஃப்ட்வேர் தலைமடையில எப்படி ஓடுதுன்னு ஆறு பேரும் காமிச்சுட்டாங்க. கடைமடையில எப்படி ஓடும்னு நான் சொல்றேன்.

போன வருசம் ஒரு பெரிய கம்பெனி, உன்றது இல்ல, மொறைக்காத, எங்க ஷெட்டுக்கு லாகின் அனுப்பிச்சுது. பத்தொம்பது பேரு. ஒவ்வொருத்தருக்கும் மெயில் ஐடி வேணும்னாங்க. பொம்பளைகளுக்கு மெயில் ஐடிக்கு எங்க போறது? உன்ற மாமன் உக்காந்து பத்தொம்பது மெயில் ஐடி உண்டாக்கினான். பாஸ்வேர்டுல பெரிய எழுத்து ஒண்ணு, நம்பர் ஒண்ணு, நச்சத்திரமோ நண்டுக்காலோ ஒண்ணு போடோணுமாம். அதையெல்லாம் காலண்டர் அட்டைக்குப் பின்னால எழுதி, கட்டிங் டேபிளுக்கு மேல தொங்க உட்டாச்சு. அம்புட்டுக் கெட்டியான பாதுகாப்பு. ஒடிசாப் பையன் ஒருத்தனுக்கு ஓ.டி.பி. அவங்கண்ணன் நம்பருக்குப் போச்சு. அண்ணன் ஊர்ல நெல்லு அறுத்துட்டு இருந்தான்.

சரி, பாடத்தையாச்சும் பாத்தாங்களா? இருவது நிமிசப் பாடம். டெய்லருக்குப் பீஸ் ரேட்டு. இருவது நிமிசம் மிசினை நிறுத்தினா அவ கூலி போச்சு. அந்த நேரத்துக்கு யாரு காசு குடுக்கறதுன்னு உன்ற மாமன் போன் போட்டுக் கேட்டான். "ஃப்ரீ டைம்ல பாக்கச் சொல்லுங்க சார்"னாங்க. ஒன்றரை ஷிப்ட்டு முடிச்சு, சோறாக்கி, துணி தொவைச்சுப் போட்டு, அதுக்கு மேல இருக்குது பாரு ஃப்ரீ டைமு, அதுல.

ஆடிட்டுக்கு முந்தின நாளு ராத்திரி, பத்து மணிக்குத் திண்ணையில உக்காந்து, பத்தொம்பது பேருக்கும் உன்ற மாமனே பரிச்சை எழுதினான். மொதப் பரிச்சையில அறுவது. ஏழாவதுலிருந்து நூத்துக்கு நூறு. அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தீயணைக்கற குப்பியை எப்படி அடிக்கறதுன்னு தெரியாது, விடை பி, ஏ, ஏ, டி-ன்னு மட்டும் தெரியும். அந்தக் கம்பெனி ரிப்போர்ட்டுல எங்க ஷெட்டுத்தான் மொதலு. பாராட்டுப் பத்திரம் வந்துச்சு. அட்டை கெட்டியா இருந்துச்சு, நூல் கோன் மேல தூசி உழாம மூடி வெச்சிருக்கறோம்.

ஆடிட்டர் வந்தானா? வந்தான். ரிப்போர்ட்டை அவன் பாத்தது சித்தெ நேரந்தான். நேரா மிசின்ல இருந்த பொண்ணுகிட்டப் போயி, ஊசி ஒடஞ்சா என்ன பண்ணுவேம்மான்னு கேட்டான். தூக்கி வெளிய போட்டுருவேன்னு சொல்லிச்சு. பொய்யே பேசாத புள்ள அது.

அதனால வாங்கறப்ப எதைப் பாக்கறதுன்னு கேட்டா, எனக்கென்ன தெரியும், மாடு மேய்ச்சவன். மெயில் இல்லாம போன் நம்பர்லயோ ஆள் நம்பர்லயோ உள்ள போக முடியுமா, ஒரு போனை மூணு பேரு மாத்தி மாத்திப் பாத்தாலும் கணக்குக் கொழம்பாம நிக்குமா, வைஃபை இருக்கற எடத்துல எறக்கி வெச்சுட்டு சிக்னல் இல்லாத ஷெட்டுல பாக்க முடியுமான்னு மட்டும் கேளு. பரிச்சை மார்க்கோட நிறுத்தாம, சூப்பர்வைசர் கண்ணால பாத்து 'இவளுக்கு வருது'ன்னு டிக் போட எடம் இருக்குதான்னும் கேளு. ஒரு காண்ட்ராக்டர் தன்ற ஆளுகளை மட்டும் பாக்கோணும், பக்கத்துக் காண்ட்ராக்டர் ஆளு போன் நம்பரைப் பாக்கக் கூடாது. பாத்தா தீவாளி முடிஞ்சு அந்த ஆளுக இவன் ஷெட்டுல இருப்பாங்க.

வெலை? தலைக்கு இவ்வளவுன்னு சொல்லுவான். எந்தத் தலைக்குன்னு கேளு. பேரு எழுதின தலைக்கா, அந்த மாசம் உள்ள வந்த தலைக்கா? நம்ம ஊர்ல இருந்து சட் பூசைக்கு வடக்க போனவன் திரும்பினா உண்டு. போனவன் சீட்டை வந்தவனுக்குக் குடுக்க உடறானான்னு எழுதி வாங்கு. இல்லாட்டி மிசினுக்கு ஒருத்தன், சாஃப்ட்வேர்ல மூணு பேருன்னு வருசம் பூராவும் கட்டிட்டிருப்ப.

சும்மா கெடைக்கறது ஒண்ணு இருக்குதுன்னியே, மூடுல். ஆஸ்திரேலியாக்காரர் மார்ட்டின் டூகியாமஸ் 2002-ல வெளியிட்டது, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், போன்ல எறக்கி வெச்சும் பாக்கலாம்னு சொன்ன. நல்லது. தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்க வேண்டாம்னு சொல்லுவாங்க. நான் பாப்பேன். மாடு சும்மா, தீவனம் நம்மது. சர்வர் வாடகை, அதைப் பாத்துக்க ஒரு பையன், அந்தப் பையன் பெங்களூர் போயிட்டா இன்னொரு பையன். இதைக் கட்ட முடியும்னா அதையே புடி. முடியாதுன்னா காசு குடுத்து வாங்கு, வெக்கம் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, வாங்கறப்பவே விக்கறதையும் நெனச்சுக்கோணும். அந்தக் காலத்துல ஊருக்கு ஒரு வள்ளம், ஒரு ஊர்ல அளந்த சோளம் அடுத்த ஊர்ல கொறையும். பாடத்துக்கும் அப்படித்தான் இருந்துச்சாம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காரங்க ஸ்கார்ம்னு பொது அளவை ஒண்ணு கொண்டாந்தாங்கன்னு நீதான் சொன்ன. அப்ப உங்க ஊசிப் பாடத்தை அந்த அளவுல செய்யச் சொல்லு, நாளைக்கு வேற வண்டியில ஏத்தலாம். ஆனா பாடம் ஏறும், யாரு எப்ப முடிச்சாங்கங்கற கணக்கு தானா ஏறாது. அதைத் தனியா எறக்கித் தருவானான்னு கையெழுத்துக்கு முன்னால கேளு. பொறவு கேட்டா, சந்தையில துண்டுக்குள்ள கை உட்டு வெலை பேசற தரகனாட்டம் சிரிப்பான்.

எங்களையெல்லாம் சேக்கறது தரும காரியம்னு நெனச்சுக்காத. பொம்பளைகளுக்கு வேலை எடத்துல தொந்தரவு தடுக்கற 2013 சட்டம் இருக்குதே, அதுல தொழிலாளின்னா காண்ட்ராக்டர் மூலமா வந்தவளும், தினக்கூலியும், பயிற்சிக்கு வந்தவளும் சேத்தித்தான். உன்ற மாமி படிச்சுச் சொன்னா. அந்தப் பாடமும் ஒடியாவுல இருக்குதான்னு அந்த ஆறு பேருகிட்டக் கேளு.

சாயங்காலம் ஆச்சு, கெளம்பு. வர்ற ஞாயித்துக்கெழமை அந்த ஆறு பேரையும் கூட்டியா. லேப்டாப்பு வேண்டாம், கோட்டும் வேண்டாம், வேர்க்கும். ஏழாயிர ரூவாப் போன் ஒண்ணு, கண்ணாடி கீறினதா, கொண்டாரச் சொல்லு. ஷெட்டுல, ஊசியைத் தூக்கி வெளிய போட்டுருவேன்னு சொன்ன புள்ள இருக்கும். அது கையில போனைக் குடுத்துட்டு, ஒண்ணும் சொல்லாம, ஒரு பாடத்தைத் தேடி எடுத்துப் பாக்குதான்னு நின்னு பாக்கச் சொல்லு. வந்தவனுக வாயைத் தொறந்தா தோத்தாங்க. எவன் போன்ல அந்தப் புள்ள தானா பாடத்தைப் பாத்துச்சோ, அவனோட வெலை பேசு. அந்த நேரத்துக்கு அவளுக்குக் கூலி உங்க கம்பெனி கணக்குல.

வர்றப்ப அக்கவுன்ட்ஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, கண்ணு. ஆடி மாசம் முடிச்சுக் குடுத்த பீஸுக்கு உன்ற மாமனுக்கு இன்னும் பில்லுப் பணம் வரலை.