போதிதருமர் புளிக்காச்சல் கொண்டு போகலை

ஏண்டா கண்ணு, குவாங்சோ கண்காட்சிக்குப் போறயாமா? போ, போ. 1957லிருந்து நடக்கற கண்காட்சி அது. வருசத்துக்கு ரெண்டு வாட்டி, உலகமே அங்க போயி வெலை பேசுது. நம்ம பக்கத்து ஆளுகளும் மெசினு பாக்க, சரக்குப் பாக்கன்னு போயிட்டுத்தான் இருக்கறாங்க. நானும் உன்ற சித்தப்பனோட போயி வந்தவன்தான், அதனால சொல்றேன் கேளு.

பெட்டியில என்னடா அது? ஊறுகாய், புளிக்காச்சல், பருப்புப்பொடி, முறுக்கு. நல்லது. எடமிருந்தா அம்மிக்கல்லையும் வெச்சுக்க. ஓட்டல் ரூமுக் கதவைச் சாத்திக்கிட்டு சோத்தைப் பெசஞ்சு தின்னுபோட்டு, ஊருக்கு வந்து “சீனாவுல ஒண்ணும் வாய்க்கு வெளங்கலை அப்பாரு”ன்னு சொல்லலாம். அதுக்கு ஈரோட்டுலயே ஒரு லாட்ஜு எடுத்தா ஏரோப்ளேன் காசு மிச்சம்.

இல்லை, கடைக்கே போறேன்னு சொன்னீன்னா, மொதல்ல கோபி மஞ்சூரியன் கேளு. கடைக்காரன் முழிப்பான். பாவம், அவனூருப் பலகாரம் அவனுக்கே தெரியலைன்னு நெனச்சுக்க. கல்கத்தாவுல பொறந்த சீனச் சமையக்காரர் நெல்சன் வாங், 1975 வாக்குல பம்பாய் கிரிக்கெட் கிளப்புல கோழியை வெச்சுப் பண்ணுன அயிட்டம் அது. கோழியை எடுத்துட்டுக் காலிபிளவரைப் போட்டது நம்மாளுக. மஞ்சூரியாக்காரனுக்கும் அதுக்கும் ஒரு ஒறவும் இல்லை.

காத்தால கஞ்சி குடுப்பான். அரிசியைக் கொழையக் கொழைய வேக வெச்சு, தொட்டுக்க எண்ணெயில பொரிச்ச நீள மாவுக்குச்சி. இங்க உங்கம்மா கஞ்சி ஊத்துனா “எனக்கென்ன காச்சலா?”ன்னு எகிறுவே. அங்க அதையே நூறு போட்டோ எடுப்பே, தெரியாதா எனக்கு? கஞ்சிக்குள்ள கன்னங்கரேல்னு ஒரு முட்டை கெடக்கும். சுண்ணாம்பு, சாம்பல், உப்புக் கலந்த களிமண்ணைப் பூசி வாரக்கணக்குல வெச்செடுத்த வாத்து முட்டை. வெள்ளைக்கரு கருத்து, கண்ணாடியாட்டம் ஆடும். மஞ்சக்கரு பச்சை பூத்திருக்கும். நீ மூக்கைச் சுளி, தப்பில்லை. ஆனா நம்மூட்டுல கருவாடு வதக்கறப்போ அவனைக் கூட்டியாந்து உக்கார வெச்சா அவன் மூக்கு எந்தப் பக்கம் போகும்னும் ஒரு நிமிசம் யோசி.

பொழுது ஏறுனா டீக்கடைக்குக் கூட்டிப் போவாங்க. நம்ம நாயர் கடை நெனப்புல நின்னுக்கிட்டே குடிச்சுட்டு ஓடி வந்துராத. அங்க குடும்பத்தோட வட்டமேசையில உக்காந்து மணிக்கணக்குல பேசுவாங்க. மூங்கில் கூடையில ஆவி பறக்கப் பலகாரம் வந்துட்டே இருக்கும். மொதல்ல ஊத்தற சுடு டீயில கிண்ணத்தையும் சாப்பிடற குச்சியையும் அலசுவாங்க. அலசுன டீயை எடுத்துக் குடிச்சுராத, சாமி! உன்ற டம்ளர்ல ஒருத்தர் டீ ஊத்துனா, ரெண்டு வெரலால மேசையைத் தட்டோணும். அதுதான் நன்றி. சியான்லோங் ராசா மாறுவேசத்துல போறப்போ வேலைக்காரனுக்கு டீ ஊத்துனாராமா. விழுந்து கும்பிட்டா வேசம் கலைஞ்சிருமேன்னு அவன் வெரலை மடக்கித் தட்டுனானாமா. நெசமோ கதையோ, தட்டிப்போடு. வெரல் தேயாது.

கோழிக்கால் வரும். பொரிச்சு, ஊற வெச்சு, ஆவியில வேக வெச்சது. சவைச்சுட்டு எலும்பைத் துப்போணும். “அய்ய, காலா!”ன்னு கத்தாத. நாட்டுக்கோழி அடிச்சா கால் யாருக்குன்னு உங்கப்பனும் சித்தப்பனும் உருண்ட கதை எனக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரன் நூடுல்ஸைச் சர்ருன்னு உறிஞ்சுனா மொறைக்காத. உள்ளங்கையில ரசத்தை ஊத்தி உறிஞ்சற கூட்டம் நாம.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்லை. குச்சியைச் சோத்துல குத்தி நட்டு வெக்காத. செத்தவங்களுக்குப் படைக்கற ஊதுபத்தி அப்படித்தான் நிக்கும். விருந்து போட்டவன் மனசு கெட்டுரும். முழு மீனு வெச்சா தலை உன்ற பக்கம் இருக்கும், அது உனக்குப் பண்ணுற மரியாதை. ஒரு பக்கம் தின்னு முடிச்சதும் மீனைத் திருப்பிப் போட்டுராத. கடக்கரை ஆளுகளுக்கு அது படகு கவுர்ற சகுனம்.

சனிக்கெழமை கறி தொடமாட்டயா? கீரைன்னு வாங்குனாலும் பன்னிக் கொழுப்புல வதக்கியிருக்கலாம், கேட்டுக்க. புத்தர் கோயில் பக்கம் சைவக்கடை தேடு. வெங்காயம் பூண்டு கூட சேக்காத சுத்தம். கோதுமை மாவுலயே வாத்துக்கறி பண்ணி வெப்பான், நம்ம சைவக்காரங்க பாத்தா எந்திரிச்சு ஓடிருவாங்க. அங்க ஹுவாலின் கோயிலுக்கும் ஒரெட்டு போயிட்டு வா. நம்ம காஞ்சிபுரத்து ஆளுன்னு நாம சொல்லிக்கற போதிதருமர் கப்பல்ல வந்து எறங்குன எடம்னு சொல்றாங்க. அவரு புளிக்காச்சல் கொண்டு போனதா எந்தக் கதையிலயும் இல்லை.

ராத்திரி விருந்துல வெள்ளைச் சாராயம் ஊத்துவாங்க. பலதுல நூத்துக்கு அம்பது பங்குக்கு மேலயே சரக்கு இருக்கும். நீ குடிக்கமாட்டே, உங்கம்மாவுக்கும் அப்படித்தான் தெரியும். டீயைத் தூக்கிக் காட்டுனாலும் போதும். பெரியவங்க டம்ளருக்குக் கீழ உன்ற டம்ளரைத் தாழ்த்திப் புடி.

அப்பறம், சட்டைப்பையில நோட்டுக்கட்டை வெச்சுக்கிட்டு ராசா மாதிரி நிக்காத. கீரைக்காரம்மா கூட போனை நீட்டி ஸ்கேன் பண்ணச் சொல்லுவா. அலிபேயை இங்கயே ஏத்தி உன்ற கார்டைச் சேத்துக்க. கூகுளும் வாட்ஸப்பும் அங்கத்த வைஃபையில ஓடாது. வீசாட்டும் போட்டுக்க, மெசினுக்கு வெலை பேசற கம்பெனிக்காரன் அதுலதான் கெடைப்பான்.