கந்தோரா, கடல் கடந்த வீடா?

கேள்வி: மென்பொருள் எழுதுகிறவர் வீட்டில் இருந்து வேலை செய்வது நல்லதா, கந்தோருக்குப் போவது நல்லதா? (தீவக வாசகர், ஊர்காவற்றுறை)

பதில்: உங்களுக்கு யாழ்ப்பாணம் போகப் பண்ணைப் பாலம் இருக்கிறது, சாட்டுச் சொல்ல வழியில்லை, வெளிக்கிடுங்கள்! நெடுந்தீவாருக்கோ அதைக் கடல்தான் தீர்மானிக்கும். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். காற்று எழும்பினால் படகே இல்லை. 'கடல் குழம்பிப் போச்சு, வரேலாது' என்றால் எந்த மேலாளர் மறுப்பார்?

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அரசாங்கமே தன் ஊழியர்களை வீட்டில் இருந்து வேலை செய்யச் சொன்னது. ஆனால் வீட்டில் இருந்தால் மட்டும் போதுமா? கரண்ட் வேண்டாமா? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய, காற்று மின்சாரம் தர இந்திய நிதியுதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கரண்ட் நின்றால், கந்தோரில் ஜெனரேட்டர் முதலாளியின் செலவு. வீட்டில் அது உங்கள் செலவு.

என் தீர்ப்பு: புதிதாகச் சேர்ந்தவர் கந்தோருக்கே போகட்டும். பக்கத்தில் இருக்கும் மூத்தவர் ஐந்து நிமிடத்தில் காட்டித் தரும் பிழையை, வாட்ஸ்அப்பில் கேட்டால் அரைநாள் போய்விடும். தொழில் கைவந்தவர் தீவிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை முகம் காட்டினால் போதும். சம்பளத்துக்குப் படகு தேவையில்லை.