சொல்லி அனுப்புகிறோம்

காலியான ஸ்தானங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்த 1959-இல் இயற்றப்பட்ட சட்டம், அறிவித்த குற்றத்துக்காக அங்கிருந்தே ஆளெடுக்க வேண்டியதில்லை என்ற அபயத்தையும் நான்காம் பிரிவிலேயே அருளியிருந்தது. விண்ணப்பதாரருக்கோ, மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, சான்றிதழ் நகல்களில் கெஜடட் அதிகாரியின் பச்சை மசிக் கையொப்பத்துக்காகத் தவங்கிடந்து, தம் யோக்கியதையை நிரூபித்துக்கொண்டே இருக்கும் பாக்கியம் நெடுங்காலம் வாய்த்திருந்தது. இத்தனையும் கடந்து நேர்முகப் பரீட்சைக்கு வந்தவரிடம், 'ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள்?' என்று தீர்க்கதரிசனம் கேட்கும் கனவான்கள், 'சொல்லி அனுப்புகிறோம்' என்று புன்னகையோடு விடை கொடுக்கிறார்கள். எந்த ஜன்மத்தில் என்பதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள். 'தாங்கள் வேண்டாம்' என்று ஒரு கார்டு எழுதிப்போட்டால் கம்பெனி திவாலாகிவிடும் போலும். ஆகையால் அந்தச் செலவை மிச்சப்படுத்தி, விண்ணப்பப் படிவத்துக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள்.