தெரியும் தம்பி, நன்றி!

கேள்வி: பைக்கில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. சிரிக்க வைத்தால் படிப்பார்களா? - ஒரு வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: நிச்சயம் படிப்பார்கள். இமயமலைப் பாதைகளில் எல்லைச் சாலை நிறுவனம் வைத்திருக்கும் வேடிக்கைப் பலகைகளே சாட்சி.

தங்கவயல் வண்டிகளுக்கு முதல் வரி பின்சீட்டில்: "துப்பட்டா உங்களுடையதுதான், சக்கரத்துக்கும் அதன்மேல் ஆசை." பின்சக்கரத்தில் பாதியாவது மறையும்படி தடுப்பு வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி. மீதிப் பாதிக்கு, தொங்கும் முனையை இழுத்து மடியில் செருகிக்கொள்வதுதான் காவல்.

அடுத்தது சைடு ஸ்டாண்டு. இடப்பக்கம் திரும்பும்போது வண்டி சாயும். நீட்டிய ஸ்டாண்டு தாரில் இடித்து ஆளையே தூக்கிப் போட்டுவிடும். டேங்க் மேல் எழுதலாம்: "உங்கள் காலைத் தூக்கிவிட்டீர்கள், என் காலை?" அதுவரை, "அண்ணே, ஸ்டாண்டு!" என்று கத்தும் மாரிகுப்பத்துப் பையன்கள்தான் உயிருள்ள ஸ்டிக்கர்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பகலில் லைட் எரிகிறது என்று கைகாட்டுபவர்களுக்கு ஹெட்லைட் மேல்: "தெரியும் தம்பி, நன்றி." 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் அது எப்போதும் எரிந்தாக வேண்டும்.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் காற்றடிக்கும் நாளுக்கு ஹெல்மெட்டில் ஒன்று: "சுரங்கத்தை 2001-லேயே மூடியாச்சு. பறந்து வருவது தூசிதான், கண்ணாடியை இறக்குங்கள்."