நாலு சக்கரமும் வழுக்கினால்?

கேள்வி: டொராண்டோவில் புதுக் கார் வாங்கினேன். ஆல் வீல் டிரைவ். டயர் கம்பெனியிலேயே போட்டு வந்த ஆல் சீசன். முதல் பனிக்கே சிக்னலில் நிற்காமல் வழுக்குகிறதே, ஏன்?

பதில்: ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் கார்களுக்கும் நாலு பிரேக்தான். உங்களுக்கென்று ஐந்தாவது கிடையாது!

கார் கம்பெனி டயரைத் தேர்வு செய்யும்போது மைலேஜ், சத்தம், விலை எல்லாவற்றையும் பார்க்கும். உங்கள் தெருவின் ஜனவரி மாதம் அந்தப் பட்டியலில் கடைசியில் இருந்தாலே அதிசயம். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிமானம் குறையும். குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். அதன் மேல் நெருக்கமாகக் கீறிய மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்வும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள் படம் இருக்க வேண்டும். வெறும் 'எம்+எஸ்' எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள். பக்கத்து கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் பெரும்பாலும் உங்கள் விருப்பம்தான். ஆனால் போட்டால் இன்சூரன்சில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

நாலையும் மாற்றுங்கள். முன்னால் இரண்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடித்தால், திருப்பத்தில் டிக்கி உங்களை ஓவர்டேக் செய்யும்.