நொடிக் கணக்குப்பிள்ளை

ஐ.டி. சம்பளம், தாத்தாவின் பழைய கேமரா, ஜன்னலை அடைத்துவிடக்கூடிய பாத்ரூம். சென்னையில் இந்த மூன்றும் ஒருவருக்கு வாய்த்துவிட்டால், வீட்டிலேயே ஃபிலிம் கழுவ இறங்கிவிடுவார். அப்படி இறங்கியவர்களில் ஒரு ரகம்தான் நம் நொடிக் கணக்குப்பிள்ளை. ஃபிலிம் வந்தாயிற்று, மருந்து வந்தாயிற்று, டேங்க் வந்தாயிற்று. டைமர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

வேலை என்னவோ சின்னதுதான். ஹெச்பி5 ஃபிலிம், டி-76 மருந்தில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், 20 டிகிரியில் 11 நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் டேங்க்கை நாலு தரம் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சுவர்க் கடிகாரம் போதாதா என்று கேட்டுவிடாதீர்கள். "கவிழ்க்கிற மும்முரத்துல இது ஆறாவது நிமிஷமா, ஏழாவதான்னு குழம்பிட்டா?" என்பார். நியாயம்தான்.

செல்போனில் இதற்கென்றே ஆப் இருக்கிறது. ஆனால் ஈரக்கை பட்டால் திரை பேச்சைக் கேட்காது. தவிர, சரியாக ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெண்மணி கூப்பிட்டு, "லோன் வேணுமா சார்?" என்பார். சமையலறையில் முறுக்கி வைக்கிற டைமர்? அரை நிமிடம் முன்னே பின்னே போகுமாம். காந்தம் வைத்த டிஜிட்டல் டைமர்? ஒட்டவைக்க பாத்ரூமில் இரும்பு இல்லை.

"என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம் உள்ளேயே இருப்பீங்க?"

"பதினோரு நிமிஷம்."

"இதையேதான் காலையிலயும் சொன்னீங்க."

கடைசியில் அமெரிக்காவிலிருந்து செகண்ட் ஹேண்டில் க்ராலேப் 300 டைமர் வந்து இறங்கியது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முகம், இருட்டில் ஒளிரும் முட்கள். அந்த ஒளியால் இவருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. ஃபிலிமைச் சுற்றி டேங்க்குக்குள் வைத்து மூடும்வரைதான் இருட்டு வேண்டும். மூடிய பிறகு ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டே கழுவலாம். அது தெரிந்தும் விளக்கை அணைத்துவிட்டு ஒளிரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அது 120 வோல்ட் சாமான். ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினார். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டைமரின் மோட்டார் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டுச் சுற்றுவது. ஆகவே இங்கே அது 11 நிமிடம் என்று காட்டும்போது உண்மையில் 13 நிமிடம் 12 நொடி ஓடியிருக்கும். நெகட்டிவ் கன்னங்கரேல் என்று வந்த அன்று இதைக் கண்டுபிடித்தார். வேறு யாராக இருந்தாலும் டைமரைப் பரணில் போட்டிருப்பார்கள். இவருக்கோ கொள்ளை மகிழ்ச்சி. 9 நிமிடம் 10 நொடி வைத்தால் சரியாக 11 நிமிடம் வரும் என்று கணக்குப் போட்டு, சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்.

அடுத்த ரோலும் கறுத்தது. மே மாதம், மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடுகிறது. ஒரு டிகிரி ஏறினாலே நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். மருந்தின் சூட்டை அளக்க இவர் வீட்டில் உள்ளது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். அதன் கணக்கே 35-இல்தான் தொடங்குகிறது. அதைப் பற்றி இவர் கவலைப்பட்டதில்லை. டைமரில்தான் இன்னும் ஏதோ கோளாறு என்று நெகட்டிவை எடுத்துக்கொண்டு பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் போனார்.

பெரியவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டைமரெல்லாம் எங்க தம்பி இருந்துச்சு எங்ககிட்ட? ரேடியோ ஓடும். மார்கழின்னா ரெண்டரைப் பாட்டு, சித்திரை வெயில்னா ஒண்ணரை. அப்புறம் மருந்தைக் கொட்டிடுவோம். வெயிலைப் பார்த்துப் பாட்டைக் குறைக்கணும், அவ்வளவுதான்."

நம்மவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்தப் பாட்டு சார்? எம்.எஸ்.வி.யா, இளையராஜாவா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளமாச்சே!"