உயிர்ச்சுவடு தேடுவோர்க்கான காலக்கணிதம்: திருகோணமலைப் படலம்

கடற்கரையில் உயிர்ச்சுவடு தேடப் போகும் வேளை எது என்பதை மேலைநாட்டார் என்றோ தீர்த்து வைத்துவிட்டார்கள்: புயலுக்கு மறுநாள், கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரம். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் மேரி அன்னிங் (1799–1847) இந்த விதியை நம்பித்தான் சீவியம் நடத்தினார். மாரிப் புயல் கரைச்சரிவை இடிக்கும், இடிந்த மண்ணைக் கடல் கழுவும், பிறகு எலும்பு தெரியும். 1833இல் அப்படி ஒரு சரிவு அவருடைய நாயையும் கொண்டுபோனது. அந்த விதியைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை, டச்சுக்குடா முதல் நிலாவெளி வரை. கருவிகள், வற்றுப்பெருக்கு அட்டவணை, ஒரு சீலைப் பை, கடித்தாலும் பரவாயில்லை என்ற பழைய செருப்பு.

முதற்கண் கடல். லைம் ரீஜிஸில் பெருவற்று நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீற்றர் ஏறி இறங்கும். திருகோணமலையில் அமாவாசை, பூரணையை ஒட்டி இரண்டு அடி போல. எட்டாம் பிறையை ஒட்டி ஓர் அடியும் தேறாது. ஆகவே அட்டவணையை மனனம் செய்து விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி வந்தவருக்கும், பாணும் சம்பலும் சாப்பிட்டு ஆறுதலாக எட்டு மணிக்கு வந்தவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம், கரையில் சில முழ ஈரமணல் மட்டுமே. இந்த முடிவு முதலாமவரின் வீட்டில் வெளியிடத் தக்கதல்ல.

இவ்விடத்தில் அரசாங்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பூரணை தோறும் போயா என்று லீவு விட்டு, கடலாராய்ச்சிக்குச் சம்பளத்தோடு நாள் ஒதுக்கிய நாடு நமது. குறை ஒன்றுதான்: பெருவற்று வழக்கமாகப் பூரணை கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் உச்சம் காணும். அன்றைக்குக் கந்தோர். போயா நாளிலோ தூர இடத்து பஸ்களெல்லாம் நிலாவெளியில் நிற்கும். ஆய்வுக்களம் முழுவதும் கிரிக்கெட்.

அட்டவணை பொய்க்க இன்னொரு காரணமும் உண்டு. காற்றமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்ரிமீற்றர் உயரும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் 20 மில்லிபார் இறங்கினால் கடல் 20 சென்ரிமீற்றர் ஏறிவிடும், அதாவது சிறுவற்று நாளின் ஏற்ற இறக்கத்தையே அது விழுங்கிவிடும். காற்று கரையை நோக்கித் தள்ளும் தண்ணீர் வேறு. சல்லிப் பக்கத்துக் கரைவலைப் பெரியவர் ஒருவர் இதைச் சூத்திரம் இல்லாமலே சொன்னார்: “தம்பி, உங்கட பேப்பர் சொன்னாப்போல கடல் வத்துமே? காத்து விட்டாத்தான் வத்தும்.”

எனவே காற்றைக் கொண்டே காலம் கணிக்க வேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் தரையிலிருந்து வீசுவதால் கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். மணல் கரையில் சேர்ந்து, பார்க்கத்தக்கதையெல்லாம் மூடிவிடும். சுற்றுலாவுக்கு நல்லது, ஆய்வுக்குப் பாழ். கார்த்திகை, மார்கழியில் வாடை உரத்து மணலை அள்ளிச் சென்று அடியில் கிடந்த கல்லையும் ஓட்டையும் எறியும். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் இதே மாவட்டக் கரையைக் கடந்தது நினைவிருக்கலாம். வாடை தணிந்த முதற்காலையே உத்தமம், இரண்டாங்காலை மத்திமம். ஆனால் கடல் காரணமில்லாமல் பின்வாங்கினால் பை, கல், ஆய்வு எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26உம் ஒரு போயா நாள்தான்.

இப்படித் தேர்ந்தெடுத்த காலைகளில் இங்கே கிடைப்பன: கணவாய் ஓடு (டைனோசர் எலும்பென்று அறிவிக்கப்படுவது), செத்த முருகைக்கல், சோகி, கடல் தேய்த்த போத்தல் துண்டு, பழைய ஓட்டுத் துண்டு, சோடியில்லாத செருப்பு. உயிர்ச்சுவடு கிடைப்பதில்லை. காரணம் வற்றுமல்ல, வாடையுமல்ல. கோணேசர் கோயில் நிற்கும் குன்றும் அதைச் சூழ்ந்த பாறைகளும் உருமாறியவை. 50 கோடி ஆண்டுக்கும் முன்னே பூமிக்கடியில் பெருவெப்பத்திலும் அமுக்கத்திலும் வெந்தவை. அவற்றுள் சங்கையும் நத்தையையும் தேடுவது வெந்த பாணுக்குள் கோதுமைக் கதிரைத் தேடுவது போல. இலங்கையின் இவ்வகைப் பழம்பாறைகளில் 300 கோடி ஆண்டு வயதைத் தாண்டிய சிர்க்கோன் மணிகள் அகப்பட்டிருக்கின்றன. வடக்கே புல்மோட்டையில் இல்மனைற்றோடு சேர்த்து அள்ளி விற்கும் கறுப்பு மணலிலும் சிர்க்கோன் உண்டு. ஆக, தேடுகிறவர் தாம் தேடிய சங்கு, நத்தைச் சுவடுகளை விடப் பழைய பொருளைச் செருப்பிலிருந்து தட்டிக் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார்.

இந்தக் கடல் பழமை தராதது என்று சொல்லிவிடவும் முடியாது. 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் எச்சங்களை 1956இல் மைக் வில்சன் குன்றின் அடிக்கடலில் மூழ்கிக் கண்டார், ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றி எழுதினார். ஆனால் அவை தெய்வத்தின் சுவடுகள், நமது ஆய்வெல்லைக்கு வெளியே.

தோல்வியை ஈடுசெய்யப் புறாத்தீவுக்குப் படகேறி முருகைக்கல் பொறுக்கலாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல்: அது தேசிய பூங்கா, ஒரு துண்டும் எடுக்க உரிமையில்லை. கரையில் கிடக்கும் செத்த துண்டையும் விட்டு வாருங்கள், கரை நிற்பதில் அதற்கும் பங்குண்டு.

உயிர்ச்சுவடுதான் வேண்டுமென்றால் வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடியுங்கள். குடாநாட்டின் அடித்தளமே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், பழங்கடலின் சிப்பியும் பவளமும் இறுகியது. கிணறு வெட்டியபோது மேலே வந்த கல்லை வேலியோரத்தில் குவித்து வைத்திருக்கும் உறவுக்காரர் வீடு ஒன்று உங்களுக்கும் இருக்கும். அங்கே அட்டவணை தேவையில்லை, எந்தக் காற்றிலும் போகலாம், மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனால் போதும்.